காற்று வந்த வழி: தமிழகத்தில் ஊருக்கு ஊர் வெப்பநிலை மாறுவது ஏன்?

சென்னைக்கு நேர் மேலே சூரியன் வருவது ஏப்ரல் கடைசி வாரத்தில். கோயம்புத்தூருக்கு அதற்கு ஒரு வாரம் முன்னதாகவே வந்துவிடும். இரண்டு ஊரிலும் விழும் வெயிலில் பெரிய வேறுபாடு கிடையாது. ஆனால் கோவையில் மார்ச், ஏப்ரல் மாதங்களில் உச்சத்தைத் தொடும் வெப்பம், ஜூன் பிறந்ததும் 31, 32 டிகிரி செல்சியஸுக்கு இறங்கிவிடுகிறது. சென்னையிலோ மே கடைசியிலும் ஜூன் தொடக்கத்திலும்தான் அனல் பறக்கிறது. நகரத்தின் பதிவேட்டில் உள்ள மிக உயர்ந்த அளவான 45 டிகிரி, 2003 மே 31 அன்று பதிவானது. சூரியன் தலைக்கு மேலிருந்து வடக்கே நகர்ந்து ஐந்து வாரம் ஆன பிறகு வந்த வெப்பம் அது.

வெயிலை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் இது விளங்காது. ஓர் ஊருக்கு வந்து சேரும் காற்று கடலைக் கடந்து வந்ததா, காய்ந்த நிலத்தின் மேல் முந்நூறு கிலோமீட்டர் தவழ்ந்து வந்ததா, மலையேறி இறங்கி வந்ததா என்று பார்க்க வேண்டும். இரவில், காற்றே அசையாத நேரத்தில், தரையின் மேடு பள்ளமும் சேர்ந்துகொள்கிறது. வானிலை அறிக்கையில் பக்கத்துப் பக்கத்து ஊர்களுக்கு ஐந்து, ஆறு டிகிரி வித்தியாசம் தெரிவதற்கு ஏறத்தாழ எல்லா நேரத்திலும் இவற்றில் ஒன்றுதான் காரணம்.

கடற்காற்று எப்போது வருகிறது என்பதே கேள்வி

நிலம் சூடாகும் வேகத்தில் கடல் சூடாவதில்லை. ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.2 கிலோஜூல் வெப்பம் வேண்டும்; காய்ந்த மண்ணுக்கு அதில் ஐந்தில் ஒரு பங்கே போதும். அதோடு, வெயில் தண்ணீருக்குள் பல மீட்டர் இறங்குகிறது, அலை அதைக் கலக்கிவிடுகிறது. மண்ணிலோ பகல் சூடு அரை மீட்டருக்குக் கீழே எட்டிப் பார்ப்பதே இல்லை. வாங்கிய வெப்பம் முழுவதும் மேல்தோலிலேயே தங்குகிறது. இவற்றுக்கும் மேலாக, கடலில் விழும் வெப்பத்தின் பெரும்பகுதி நீரை ஆவியாக்கவே செலவாகிறது. அதனால் மே மாத நண்பகலில் காய்ந்த தரையின் மேற்பரப்பு 50 டிகிரியைத் தாண்டும்போதும் வங்கக் கடல் நீர் 29, 30 டிகிரியில் நிற்கிறது.

சூடான தரைமேல் இருக்கும் காற்று விரிந்து மேலெழும்ப, கரையோரத்தில் காற்றழுத்தம் ஒன்றிரண்டு ஹெக்டாபாஸ்கல் குறைகிறது. அந்த இடத்தை நிரப்பக் கடல்மேல் இருக்கும் கனத்த காற்று உள்ளே வருகிறது. இதன் தடிமன் சில நூறு மீட்டரிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரைதான். அதற்கு மேலே காற்று வேறு திசையில் போய்க்கொண்டிருக்கும். கடற்காற்றின் முன்விளிம்பு கூர்மையானது. வானிலை ரேடார் படத்தில் கரைக்கு இணையாக ஒரு மெல்லிய கோடாகத் தெரியும். அது ஓரிடத்தைக் கடக்கும்போது அரை மணி நேரத்துக்குள் வெப்பம் மூன்று முதல் ஐந்து டிகிரி குறையும், காற்று மேற்கிலிருந்து தென்கிழக்குக்குத் திரும்பும், ஈரப்பதம் சட்டென்று ஏறும்.

காலை எட்டு மணியிலிருந்து பதினொன்று வரை வெப்பம் மணிக்கு ஏறத்தாழ இரண்டு டிகிரி வீதம் ஏறிக்கொண்டிருக்கிறது. கடற்காற்று நுழைந்ததும் அந்த ஏற்றம் நின்றுவிடும். ஆகவே அன்றைய அதிகபட்சம் என்பது, கடற்காற்று எத்தனை மணிக்கு வந்தது என்பதன் இன்னொரு பெயர்தான். ஏப்ரலில் முற்பகலிலேயே வந்துவிட்டால் 35, 36 டிகிரியோடு நாள் முடிந்துவிடும். ஜூனில் பிற்பகல் இரண்டரை, மூன்று மணி வரை வராமல் இழுத்தடித்தால் 40, 41 தொட்டுவிடும். கடற்கரைக்கு அருகில் இருக்கும் நுங்கம்பாக்கம் நிலையத்துக்கும், உள்ளே தள்ளி விமான நிலையத்தில் இருக்கும் மீனம்பாக்கம் நிலையத்துக்கும் பல நாட்களில் ஓரிரு டிகிரி வேறுபாடு வருவது இதனால்தான். மீனம்பாக்கத்துக்குக் கடற்காற்று பிந்தி வருகிறது. அந்த இடைவெளியில் வெப்பம் இன்னும் ஒரு படி ஏறிவிடுகிறது. இன்னும் உள்ளே, திருத்தணிக்கும் வேலூருக்கும் பல நாட்கள் அது மாலையில்தான் எட்டும், சில நாட்கள் எட்டவே எட்டாது.

கடற்காற்றைத் தாமதப்படுத்துவது மேற்கிலிருந்து வரும் காற்று. மே நடுப்பகுதியிலிருந்து தென்மேற்குப் பருவக்காற்று வலுக்கத் தொடங்குகிறது. தரையிலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், அதாவது 850 ஹெக்டாபாஸ்கல் அழுத்த மட்டத்தில், மேற்குக் காற்று மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் வீசும் நாட்களில் கடற்காற்றால் கரையைத் தாண்டி வர முடியாது. வானிலை வரைபடங்களை இணையத்தில் பார்ப்பவர்கள் சென்னையின் நாளைய வெப்பத்தைக் கணிக்க முதலில் பார்க்க வேண்டியது இந்த 850 ஹெக்டாபாஸ்கல் மட்டக் காற்றுப் படத்தைத்தான். வங்கக் கடலில் மே மாதம் ஒரு புயல் உருவாகி ஒடிசா, வங்காளதேசம் பக்கம் போகும்போது தமிழகக் கரையில் வெப்பம் எகிறுவதும் இதன் தொடர்ச்சியே. புயல் தன்னை நோக்கிக் காற்றை இழுக்கும். நம் கரையில் அது நிலத்திலிருந்து கடலுக்குப் போகும் வறண்ட காற்றாக அமைந்துவிடும். புயல் வந்தால் குளிரும் என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

தென்மேற்குப் பருவக்காற்றுக்கு வேறொரு விளைவும் உண்டு. கரைக்கு இணையாகத் தென்மேற்கிலிருந்து வீசும் காற்று, பூமியின் சுழற்சி காரணமாக மேல்மட்டக் கடல் நீரைத் தனக்கு வலப்புறம், அதாவது கரையை விட்டு வெளியே, தள்ளுகிறது. அந்த இடத்தை நிரப்ப அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வருகிறது. ஊரே கொதிக்கும் மே, ஜூன் மாலையில் மெரினாவில் கால் நனைப்பவர்களுக்குத் தண்ணீர் சில்லென்று படுவது இதனால்தான்.

பிந்தி வரும் கடற்காற்று மாலையில் மேற்குக் காற்றோடு மோதும் கோட்டில் காற்று மேலெழும்பி இடிமேகம் உண்டாகிறது. அதனால்தான் ஜூன் முதல் செப்டம்பர் வரை சென்னைக்கு மாலை மழை பெரும்பாலும் மேற்கே, திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கத்திலிருந்து நகர்ந்து வருகிறது.

அளவு குறைந்தும் புழுக்கம் கூடுவது

கடற்காற்று வந்ததும் வெப்பம் குறைகிறது, உடம்புக்கு இதம் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். பாதிதான் சரி. நண்பகலில் 40 டிகிரி, ஈரப்பதம் 30 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். தெர்மாமீட்டர் குமிழில் ஈரத்துணி சுற்றி, காற்றில் வைத்து அளந்தால் கிடைக்கும் ஈரக்குமிழ் வெப்பநிலை அப்போது சுமார் 26 டிகிரி. கடற்காற்று வந்து 34 டிகிரி, 65 சதவீதம் ஆனதும் அது சுமார் 28.5 ஆகிறது. அதாவது வெப்பமானி ஆறு டிகிரி இறங்கியிருக்க, வியர்வையால் உடம்பு குளிரக்கூடிய எல்லை இரண்டரை டிகிரி ஏறியிருக்கிறது. கடற்காற்று வீசும் இடத்தில் நின்றால் அதன் வேகம் இதை ஈடுகட்டிவிடும். காற்றோட்டம் இல்லாத அறைக்குள் உட்கார்ந்தால் புழுக்கம் முன்பைவிடக் கூடும்.

தண்ணீர் ஊற்றிப் பயன்படுத்தும் ஏர் கூலர் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு நேரடியாக உதவும். நல்ல கூலர் காற்றின் வெப்பநிலைக்கும் ஈரக்குமிழ் வெப்பநிலைக்கும் உள்ள இடைவெளியில் 80 சதவீதம் வரை குறைக்கும். மேற்குக் காற்று வீசும் நண்பகலில் 40 டிகிரிக் காற்றை அது 29 டிகிரியாக்கித் தரும். கடற்காற்று வந்த பிறகு 34 டிகிரிக் காற்றை 29.6 ஆக்கும், அதோடு அறை முழுவதும் ஈரம் நிரம்பிப் பிசுபிசுக்கும். எனவே சென்னையில் கூலரை மேற்குக் காற்று இருக்கும்வரை, ஒரு ஜன்னலைத் திறந்துவைத்து ஓட்டலாம். காற்று தென்கிழக்குக்குத் திரும்பியதும் கூலரின் தண்ணீர் மோட்டாரை நிறுத்திவிட்டு, கிழக்கு, தெற்கு ஜன்னல்களைத் திறந்து மின்விசிறியைப் போடுவதே சரி. நண்பகலில் மேற்கு ஜன்னல்களைத் திறந்து வைப்பது வீட்டுக்குள் அனலை அழைப்பதுதான்.

மலை தடுத்தால் ஒரு விதம், கணவாய் விட்டால் வேறு விதம்

தமிழகத்தின் வெப்பம் கோடை முழுவதும் ஒரே இடத்தில் இருப்பதில்லை, இடம் பெயர்கிறது. ஏப்ரலில் கரூர் பரமத்தி, ஈரோடு, சேலம் ஆகிய உள்மாவட்டங்கள் பட்டியலின் உச்சியில் இருக்கும். கிழக்கே கடல் தொலைவு, மேற்கே பருவக்காற்று இன்னும் கிளம்பவில்லை. இரண்டு பக்கமும் உதவி கிடையாது. அக்னி நட்சத்திரம் தொடங்கும் மே முதல் வாரத்துக்குப் பிறகு வேலூர், திருத்தணி, சென்னை என்று வடகிழக்குக்கு நகர்கிறது. ஜூலை, ஆகஸ்டில் மதுரை, திருநெல்வேலி, தூத்துக்குடி முன்னுக்கு வருகின்றன. இந்த நகர்வுக்குப் பெரும் காரணம் மேற்குத் தொடர்ச்சி மலையும் அதிலுள்ள இடைவெளிகளும்.

மலை செய்வதை ஒரு கணக்கில் பார்க்கலாம். கேரளக் கரையில் 28 டிகிரியில் இருக்கும் ஈரக்காற்று மலையேறுகிறது. மேகம் கட்டாத வரை ஏறும் காற்று ஒவ்வொரு 100 மீட்டருக்கும் ஏறத்தாழ ஒரு டிகிரி குளிரும். 600 மீட்டரில் மேகம் கட்டத் தொடங்கும்போது அது 22 டிகிரிக்கு வந்திருக்கும். அதற்கு மேல் நீராவி துளியாக மாறும்போது வெப்பத்தை வெளியிடுவதால், குளிரும் வேகம் 100 மீட்டருக்கு அரை டிகிரியாகக் குறைந்துவிடும். 1,800 மீட்டர் உச்சியில் 16 டிகிரி. பெய்த மழை மேற்குச் சரிவிலேயே தங்கிவிட்டது. இப்போது காய்ந்த காற்றாகக் கிழக்கே இறங்கும்போது முழுவேகத்தில், 100 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம், சூடாகும். 300 மீட்டர் உயரமுள்ள கிழக்குச் சமவெளிக்கு வரும்போது 31 டிகிரி. மேற்குச் சரிவில் அதே 300 மீட்டரில் அது 25 டிகிரியாக இருந்தது. வெயில் ஒரு துளிகூடச் சேர்க்காமலே ஆறு டிகிரி கூடியிருக்கிறது. மேகமற்ற வானமும் காய்ந்த தரையும் மீதியைச் சேர்த்து 38, 39 ஆக்கிவிடும்.

ஆல்ப்ஸ் மலைப் பகுதியில் ஃபோன் (Föhn) காற்று என்று அழைக்கப்படுவது இதுவே. இதில் ஒரு நிபந்தனை உண்டு: மேகத்தில் உண்டான நீர் மழையாக மேற்கில் விழுந்துவிட வேண்டும். விழாமல் மேகமாகவே மலையைத் தாண்டினால், இறங்கும்போது அந்த நீர் மறுபடி ஆவியாகி, பெற்ற வெப்பத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். சில நேரம் தாழ்வான ஈரக்காற்று மலையைத் தாண்டவே முடியாமல் மேற்கில் தேங்கிவிட, மேலே இருக்கும் வறண்ட காற்று மட்டும் கிழக்கே இறங்குவதும் உண்டு. அப்போது மழையே இல்லாமலும் கிழக்கே சூடு கூடும்.

இலங்கையின் கிழக்குக் கரையில் இதைத் துல்லியமாகக் காணலாம். ஜூன், ஜூலையில் தென்மேற்குக் காற்று மத்திய மலைநாட்டைக் கடந்து மட்டக்களப்பு மீது இறங்கும்போது வறண்டு சூடேறிய காற்றாக வருகிறது. கச்சான் என்று மக்கள் அழைக்கும் அந்தக் காற்று கடற்காற்றை உள்ளே விடாத அளவுக்கு வலுவாக வீசும் நாட்களில், கடலோர ஊரான மட்டக்களப்பிலேயே வெப்பம் 37 டிகிரியை ஒட்டி ஏறும். அலை அடிக்கும் தொலைவில் கடல் இருந்தும் காற்று மலைப்பக்கமிருந்து வந்தால் அந்தக் கடலால் பயனில்லை.

இனி கணவாய். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே பாலக்காட்டுக் கணவாய் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கிறது. தரை மட்டம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 140 மீட்டர்தான். அரபிக் கடலின் காற்று இங்கே மலையேற வேண்டிய தேவை இல்லை. ஏறாததால் மழையாகத் தன் ஈரத்தைக் கொட்டுவதும் குறைவு, மலையிறங்கிச் சூடேறுவதும் கிடையாது. ஏறக்குறைய வந்தபடியே கோவை, பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் பாய்கிறது. கோவையில் ஜூன் மாதம் அவ்வளவாக மழை இல்லாமலே குளுகுளுவென்று இருப்பதற்கும், இந்தப் பகுதியில் காற்றாலைகள் நிறைந்திருப்பதற்கும் காரணம் ஒன்றுதான். தெற்கே செங்கோட்டைக் கணவாயும் ஆரல்வாய்மொழிக் கணவாயும் இதே வேலையைச் சிறிய அளவில் செய்கின்றன. ஜூலையில் குற்றாலத்தில் சாரல் தெறித்துக்கொண்டிருக்க, தென்காசியிலிருந்து 50 கிலோமீட்டர் கிழக்கே திருநெல்வேலியில் வெயில் சுட்டெரிக்கும். நெல்லைக்கு நேர் மேற்கே இருப்பது கணவாய் அல்ல, அகத்தியமலையின் உயர்ந்த சுவர்.

கணவாய் இரு வழிப் பாதை. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை காற்று கிழக்கிலிருந்து திரும்பி வீசுகிறது. தமிழகத்தின் வறண்ட காற்று அதே வாசல் வழியாகப் பாலக்காட்டுக்குள் புகுந்து மண்ணின் ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது. மார்ச், ஏப்ரலில் கேரளத்திலேயே பாலக்காடு 40 டிகிரியைத் தொடும் ஊராக இருப்பதில் இந்த வறட்சிக்குப் பங்கு உண்டு.

உயரம், பள்ளம், உறைபனி

ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறரை டிகிரி குறையும் என்பது சராசரிக் கணக்கு. கோவை 411 மீட்டர், உதகமண்டலம் 2,240 மீட்டர். வித்தியாசம் 1,829 மீட்டர். 12 டிகிரி குறைய வேண்டும். ஏப்ரல் பகல் அளவுகளை ஒப்பிட்டால் 12, 13 டிகிரி வித்தியாசம்தான் வரும். பகலுக்கு இந்தச் சூத்திரம் நம்பகமானது. ஆனால் மழைக்காலம் முடிந்த பிறகு வரும் தெளிந்த இரவுகளில் இது தலைகீழாகும். உயரமான இடத்தைவிடப் பள்ளம் அதிகம் குளிரும்.

சூரியன் மறைந்ததும் தரை தன் வெப்பத்தை வானத்துக்கு வீசத் தொடங்குகிறது. மேகம் இருந்தால் அதில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பும். காற்று வீசினால் மேலேயுள்ள சூடான காற்றைக் கீழே கலக்கிவிடும். காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் சீக்கிரமே பனித்துளி கட்டி, அதன்மூலம் வெளியாகும் வெப்பம் குளிர்ச்சியைத் தடுக்கும். மேகம், காற்று, ஈரம் மூன்றும் இல்லாத இரவு உறைபனி இரவு. உதகையில் நவம்பரில் முதலில் நீர்ப்பனி விழுவதும், வடகிழக்குப் பருவமழை விலகிக் காற்று வறண்ட பிறகு உறைபனி தொடங்குவதும் இந்த வரிசைப்படிதான். பருவமழை நீடித்தால் உறைபனியும் தள்ளிப்போகும்.

தரையைத் தொட்டுக் குளிர்ந்த காற்று கனமானது. சரிவு வழியே தண்ணீர்போல் மெல்ல வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. உதகையில் உறைபனி முதலில் தெரியும் தலைகுந்தா, காந்தல், குதிரைப் பந்தய மைதானம், தாவரவியல் பூங்காவின் கீழ்ப்பகுதி எல்லாமே தாழ்வான, சுற்றிலும் மேடு உள்ள இடங்கள். அதே இரவில் சரிவின் நடுப்பகுதி சில டிகிரி வெதுவெதுப்பாக இருக்கும். இலங்கையில் 1,868 மீட்டர் உயரத்திலுள்ள நுவரெலியாவிலும் ஜனவரி, பிப்ரவரியில் பள்ளங்களில்தான் புல் வெளுக்கிறது.

ஒவ்வோர் ஆண்டும் உதகையில் வெப்பநிலை பூஜ்ஜியம், மைனஸ் என்று செய்தி வரும். அதே நாளில் அதிகாரபூர்வ அளவு 4 டிகிரி என்று இருக்கும். யாரோ பொய் சொல்கிறார்கள் என்ற சண்டையும் தொடரும். இரண்டும் உண்மை. வானிலை நிலையத்தின் வெப்பமானி தரையிலிருந்து ஒன்றேகால் மீட்டர் உயரத்தில், ஸ்டீவன்சன் பெட்டி எனப்படும் காற்றோட்டமுள்ள வெள்ளை மரப்பெட்டிக்குள் இருக்கிறது. காற்றில்லாத தெளிந்த இரவில் அதற்கும் புல்நுனிக்கும் மூன்று முதல் ஐந்து டிகிரி வித்தியாசம் வரும். பெட்டிக்குள் 4 என்று காட்டும்போதே புல் உறைந்துவிடும். தேயிலைக்கும் காய்கறிக்கும் முக்கியமானது புல்நுனி அளவுதான். அதனால் மலைத் தோட்டக்காரர்கள் வானிலை அறிக்கையில் 5 டிகிரி என்று கண்டதுமே தயாராகிவிட வேண்டும்.

தயாராவது எப்படி? முந்தைய பகலில் நிலத்துக்கு நன்றாகத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். ஈர மண் பகலில் அதிக வெப்பத்தைச் சேமித்து இரவில் விடும். புழுதியாகக் கிளறிய மண் அந்த வெப்பத்தை மேலே விடாது. ஆகவே உறைபனிக் காலத்தில் மண்ணைக் கொத்திவிடுவதும், வைக்கோல் மூடாக்கைத் தடிமனாகப் பரப்புவதும் செடிக்குக் கெடுதல். இளந்தேயிலை, நாற்று ஆகியவற்றைப் பெரணிச் செடிகளாலோ தழைகளாலோ மாலையிலேயே மூடி, வெயில் ஏறியதும் எடுத்துவிட வேண்டும். தேயிலைக்கு நடுவே நிற்கும் சில்வர் ஓக் மரங்கள் பகல் நிழலுக்கு மட்டுமல்ல. தரையின் வெப்பம் நேரே வானத்துக்குப் போகாமல் இரவில் மறைப்பதும் அவைதான். சரிவுக்குக் குறுக்கே நெருக்கமான வேலியோ மதிலோ கட்டியிருந்தால் குளிர்காற்று அதன் மேற்புறம் தேங்கும். அதன் அடியில் வழி விட வேண்டும்.

தெளிப்பு நீர்ப் பாசனம் வைத்திருப்பவர்கள் அதையும் பயன்படுத்தலாம், ஆனால் பாதியில் நிறுத்துவதாக இருந்தால் தொடங்கவே கூடாது. ஒரு கிலோ தண்ணீர் செடிமேல் உறையும்போது 334 கிலோஜூல் வெப்பத்தைத் தருகிறது. அதே ஒரு கிலோ ஆவியாகும்போது 2,500 கிலோஜூலை எடுத்துக்கொள்கிறது, ஏழு மடங்குக்கு மேல். தெளிப்பு தொடரும்வரை உறைதல் வெல்கிறது, இலை பூஜ்ஜியத்துக்குக் கீழே போவதில்லை. மோட்டார் நின்றாலோ மின்சாரம் போனாலோ ஆவியாதல் வென்று, தண்ணீர் தெளிக்காத செடியைவிடத் தெளித்த செடி அதிகம் கருகும். மணிக்கு மூன்று மில்லிமீட்டர் அளவுக்குக் குறையாமல், புல்நுனி ஒரு டிகிரிக்கு இறங்குவதற்கு முன் தொடங்கி, காலையில் பனிக்கட்டி தானாக உருகும்வரை நிறுத்தாமல் ஓட வேண்டும். கிழக்கு பார்த்த சரிவில் கூடுதல் கவனம் தேவை. உறைந்த இலைமேல் விடிந்ததும் நேர்வெயில் பட்டால் வேகமாக உருகி, திசு சிதைந்து இலை கறுத்துவிடும்.

ஏரியும் வயலும்

ஊருக்குள் இருக்கும் நீர்நிலை வெப்பத்தைக் குறைக்குமா? குறைக்கும், ஆனால் நினைக்கிற தூரத்துக்கு அல்ல. ஒரு சதுர மீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டர், அதாவது ஒரு லிட்டர் நீர் ஆவியாக 2.45 மெகாஜூல் வெப்பம் செலவாகிறது. கோடையில் நாளுக்கு ஏழு மில்லிமீட்டர் ஆவியானால் 17 மெகாஜூல். அன்று விழும் வெயில் 23, 24 மெகாஜூல் இருக்கலாம். பெரும்பகுதி சூடாக மாறாமல் நீராவியாகிப் போய்விடுகிறது. தண்ணீர் நிற்கும் நெல்வயலின் மேற்பரப்பு காற்றின் வெப்பநிலையை ஒட்டியே இருக்க, பக்கத்துத் தரிசு 50 டிகிரியில் கொதிப்பது இதனால். ஆனால் சிறிய குளத்தின் குளிர்ச்சி காற்று போகும் திசையில் சில நூறு மீட்டருக்குள் கரைந்துவிடும். ஓர் ஏரியை மட்டும் மீட்டால் நகரம் குளிர்ந்துவிடாது. அதன் கரையோரத் தெருக்கள் குளிரும். காவிரிப் பாசனம்போல ஆயிரக்கணக்கான ஏக்கர் தொடர்ந்து நனைந்திருந்தால்தான் வட்டாரம் முழுவதும் தெரியும். இரவில் நீர்நிலையின் வேலை மாறிவிடுகிறது. தண்ணீர் மெல்லக் குளிர்வதால் கரையோரம் சற்று வெதுவெதுப்பாக இருக்கும். கடலோர ஊர்களில் விடியற்காலை வெப்பம் பெரிதாக இறங்காததற்கும் இதுவே காரணம்.

உங்கள் இடத்தின் அளவை நீங்களே எடுப்பது

கைபேசியில் காட்டும் வெப்பநிலை பெரும்பாலும் உங்கள் தெருவில் அளந்தது அல்ல. கணினி மாதிரி பத்து, இருபது கிலோமீட்டர் சதுரக் கட்டங்களாக நிலத்தைப் பிரித்துச் சராசரி எடுக்கிறது. குன்னூரையும் மேட்டுப்பாளையத்தையும் ஒரே கட்டத்தில் அடைத்தால் வரும் எண் இரண்டு ஊருக்கும் பொருந்தாது. கட்டத்தின் சராசரி உயரம் தெரிந்தால், உங்கள் இடம் ஒவ்வொரு 100 மீட்டர் உயர்வாக இருப்பதற்கும் 0.65 டிகிரி கழித்துக்கொள்ளலாம். இதைப் பகலுக்கு மட்டும் செய்யுங்கள். காற்றில்லாத இரவில் பள்ளத்துக்கு இந்தத் திருத்தம் தவறான திசையில் போகும்.

சொந்தமாக அளக்க விரும்பினால் வெப்பமானியைச் சுவரில் மாட்டாதீர்கள். அது சுவரின் சூட்டைத்தான் காட்டும். தரையிலிருந்து ஒன்றேகால் மீட்டர் உயரத்தில், வெள்ளை வண்ணம் பூசிய, பக்கங்களில் சாய்ந்த பட்டைகள் உள்ள பெட்டியில், கதவு வடக்கு நோக்கி இருக்கும்படி, புல்தரை மேல் வையுங்கள். அருகிலுள்ள கட்டடமோ மரமோ எவ்வளவு உயரமோ அதைப்போல் இரண்டு மடங்குத் தூரமாவது தள்ளி இருக்க வேண்டும். வெயிலில் நின்ற காரின் டாஷ்போர்டு காட்டும் 46, 47 டிகிரி தார்ச்சாலையின் வெப்பம், ஊரின் வெப்பம் அல்ல.

மலைத் தோட்டத்தில் எந்தப் பாத்தி உறையும் என்று அறிய மூன்று குறைந்தபட்ச வெப்பமானிகள் போதும். ஒன்றைப் பள்ளத்தின் அடியில், ஒன்றை 20 மீட்டர் மேலே, மற்றொன்றை 60 மீட்டர் மேலே, மூன்றையும் புல் மட்டத்தில், வானம் திறந்து தெரியும்படி வைக்க வேண்டும். தெளிந்த, காற்றில்லாத இரவுகளில் மட்டும் எடுத்த அளவுகளை ஒப்பிடுங்கள். மேகமூட்ட இரவில் மூன்றும் ஒன்றாகவே காட்டும். கேரட், பீட்ரூட் சற்றுத் தாக்குப்பிடிக்கும் என்பதால் அடிப்பகுதிக்குப் போகட்டும். உருளைக்கிழங்கையும் இளந்தேயிலையையும் நடுச்சரிவில் போடுங்கள்.